வெந்நீர்க் குழாயின் கைப்பிடி

அன்பு ஜெயராஜ்,

கிறிஸ்துமஸுக்கு வரும்போது பதில் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாய். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுவதா, இல்லை இந்த காக்ஸ் டவுன் வீட்டில் தனியாகவே இருப்பதா என்பது கேள்வி. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் நீ அதைக் கேட்காமல் கேட்டாய். நானும் புரியாதவள்போல மழையைப் பற்றிப் பேசினேன். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அதை ஒரே வரியில் எழுதினால் உடனே நீ வாதாட ஆரம்பிப்பாய். உன் டாடியின் மகன் அல்லவா. அதனால் அந்தப் பதில் எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குழாய்க் கைப்பிடியைத் தேடிப் போன இடத்தில் கிடைத்தது. சிரிக்காமல் படி.

நீ வந்திருந்த அன்று குளிக்கப் போனவன், சோப்பு மாடத்தில் கட்டிங் பிளேயரைப் பார்த்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்து நின்றாய்.

“மம்மி, இது எதுக்கு அங்க இருக்கு?”

“பிளம்பர் மறந்துட்டுப் போயிட்டான்.”

“பிளம்பர் உங்க சோப்பைப் போட்டுக் குளிக்கிறானா? பிளேயர் பூரா நுரை காஞ்சு கிடக்கு.”

நான் ரவிக்கைக் கையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அதுதான் நான் செய்த தவறு. நீ உடனே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். வெந்நீர் பட்டுச் சிவந்து, தோல் உரிந்து, ஆறத் தொடங்கியிருந்த இடம் அது. நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நீயோ மெல்லிய குரலில், “ஒரு குழாயைத் திறக்க முடியல உங்களால. நாளைக்கு வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும்? போதும் மம்மி, இந்த வீடு போதும்” என்றாய். அன்று முழுக்க உன்னோடு நான் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். நீ சொன்னது பொய் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை என்ற திகைப்பு அது.

அந்தக் குழாயை உனக்கு நான் வர்ணிக்கத் தேவையில்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை உடம்பு, இடப்பக்கம் வெந்நீருக்கு ஒன்று, வலப்பக்கம் பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என்று சிலுவை வடிவத்தில் இரண்டு பீங்கான் கைப்பிடிகள். நாம் இந்த வீட்டை வாங்குவதற்கு முன்பே, யாரோ ஒரு வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே அவை அங்கே இருந்தன. கோலார் தங்கவயலில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர், குழாயை இரண்டு விரலால்தான் மூட வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார். அதற்குமேல் பலம் தேவைப்பட்டால் குற்றம் வாஷரில் இருக்கிறது, உன் கையில் இல்லை என்பார். உன் டாடி அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. அவர் குழாயை மூடினால் அது மூடுவது இல்லை, பூட்டுவது. அவர் குளித்துவிட்டு வந்ததும் நீ துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கூப்பாடு போடுவாய்: “மம்மி, டாடி மறுபடியும் பூட்டிட்டாரு!” அவர் செய்தித்தாளை இறக்காமலே, “சொட்டுச் சொட்டா ஒழுகிட்டா தண்ணி யாரு குடுப்பா? உங்க மதர் சுப்பீரியரா?” என்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதிச் சண்டை அந்தக் குழாயைப் பற்றித்தான். அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை குளிக்கப் போய், வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். அது சும்மா தொட்டதும் திறந்துகொண்டது. கல்லறையில் அழாதவள் அங்கே அழுதேன்.

நீ ஊருக்குப் போன அந்த வாரமே, ஜீவனஹள்ளியில் இருக்கிற பிளம்பர் சேகரைக் கூப்பிட்டேன். வெந்நீர்ப் பக்கத்துச் சிலுவையில் ஒரு கை மட்டும்தான் மிச்சம் இருந்தது, மற்றவை உடைந்து போயிருந்தன. சேகர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். நாடி பார்க்கும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

“மொத்தமா தூக்கிட்டு புது செட்டு போட்டுடலாம்மா. ஒரே கைப்பிடி, இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் ஜில்லு. இப்ப எல்லாரும் அதான் போடறாங்க.”

“சுவரை உடைக்காமல் போட முடியுமா?”

“அது எப்படிம்மா? உள்ள இருக்கிற பைப்பு உங்களவிட வயசானது. தொட்டா அதுவும் வரும். அது வந்தா டைல்ஸ் வரும். டைல்ஸ் வந்தா…”

“வீடே வரும் என்கிறாய்.”

“நான் சொல்லலம்மா, நீங்கதான் சொல்றீங்க.”

சுவரை உடைக்க ஆரம்பித்தால் அன்றைக்கே உன் கட்சி ஜெயித்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. உடைந்தது ஒரு கைப்பிடி. அதற்காக ஒரு வீட்டை ஏன் உடைக்க வேண்டும்? வெந்நீர்க் குழாயின் ஸ்பிண்டிலை, அதாவது கைப்பிடி பொருந்துகிற அந்தப் பித்தளைத் தண்டை, கழற்றித் தரச் சொன்னேன். அதன் நுனியைச் சுற்றி மெல்லிய பற்கள் வெட்டியிருக்கும். கைப்பிடியின் உள்ளே இருக்கும் பற்களும் அவையும் ஒன்றுக்குள் ஒன்று அமர வேண்டும். சேகர் குழாய் வாயை அடைத்துவிட்டு, “கிடைக்காதும்மா, தேடறதுக்கு நானும் கூட வர மாட்டேன், எனக்கு வேலை இருக்குது” என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போனான். தண்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நான் ஆட்டோ பிடித்தேன்.

இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறினேன். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கம்பெனி பெயர் என்ன? பெயர் அந்தக் குழாயின் கழுத்தில்தான் பொறித்திருந்தது. அது இப்போது இல்லை. ஏன் இல்லை என்று உனக்கே தெரியும். சனிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டு, பித்தளை பொன்னாக மின்ன வேண்டும் என்று தேய்த்தவள் நான். வேலைக்காரி தேய்த்தால் திருப்தி வராது என்று நானே தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்துப் பெயரை வழித்துவிட்டேன். ஒரு கடையில் கவுண்டரில் நின்ற இளைஞன் தண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “சக்கத்தா இருக்கு ஆன்ட்டி, சூப்பர்! ஷோகேஸ்ல வைங்க” என்றான். அதைக் கேட்டு மகிழ்வதா, அவன் காதைத் திருகுவதா என்று தெரியவில்லை. இப்போது வரும் குழாய்களில் பற்களின் கணக்கே வேறு. சிலது உள்ளேயே போகவில்லை, சிலது போய்விட்டுச் சும்மா சுற்றியது. சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, மெட்ராஸுக்குப் போய்த் தேடுவதா, பேசாமல் மஸ்கட்டுக்கே வந்துவிடுவதா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு சோர்வு.

மறுபடி கிளம்பியது சிவாஜி நகருக்கு. சர்ச்சுக்குப் போகிற வழியில் எத்தனையோ தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த சந்துதான் அது. இடித்த வீடுகளின் சாமான்களை வாங்கி விற்கும் குஜரிக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஜெயராஜ், நான் அதுவரை தேவாலயங்களில் மட்டும்தான் வாசலில் நின்று மூச்சை அடக்கியிருக்கிறேன். அந்தக் கடைக்குள் நுழைந்ததும் அப்படி நின்றேன். தரையிலிருந்து கூரைவரை குழாய்கள். மாலை மாலையாகக் கம்பியில் கோத்த கைப்பிடிகள்: பீங்கான், பித்தளை, நிக்கல் பூசியது, பச்சை பிடித்தது. இந்த ஊரில் இடிபட்ட குளியலறைகள் எல்லாம் அங்கே வந்து தொங்கின. ஒவ்வொன்றையும் எத்தனை கைகள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு திருகியிருக்கும்! பிள்ளைக்கு முதல் குளியல் ஊற்றத் திறந்த குழாய், பிரேதம் கழுவத் திறந்த குழாய், பரீட்சைக்குப் போகிறவன் அவசரமாகத் திறந்த குழாய், எல்லாம் அங்கே சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நான் மூக்கைப் பொத்த மறந்துபோனேன்.

கடைக்காரர் என் வயதுக்குப் பக்கத்தில் இருப்பவர், வெற்றிலை வாய், பெருமை பேசுகிறவர். எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். தண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இங்லீஷ் மால், சீமைச் சரக்கு. கண்ண மூடிட்டு சொல்றேன், அந்த மூணாவது கம்பில இருக்கு” என்றார். மூன்றாவது கம்பியில் இருந்த எதுவும் பொருந்தவில்லை. “அப்ப நாலாவதா இருக்கும்” என்றார் கொஞ்சமும் வெட்கப்படாமல். ஒரு ஸ்டூலைத் தந்தார். நான் தண்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். பொருந்தாததை அவர் எடுத்த இடத்திலேயே திரும்பத் தொங்கவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதில் அவருக்கு எரிச்சல்.

“டீச்சரா அம்மா நீங்க? பேப்பர் திருத்தற மாதிரி பாக்குறீங்க.”

“இல்லை. கான்வென்ட்டில் படித்தவள்.”

“அதான பாத்தேன்! நம்ம பீவியும் கான்வென்ட்டுதான். வீட்ல நான் செருப்பக்கூட நேராதான் விடணும்.”

மதியத் தொழுகைக்குப் போய்விட்டு அவர் திரும்பி வந்தபோதும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பீங்கான் சிலுவைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எதுவும் அமரவில்லை. எழுந்துவிடலாம் என்றுதான் தூணைப் பிடித்தேன்; அங்கே ஆணியில் நீளமாக இரண்டு நெம்புகோல்கள், பித்தளையில், ஒரு சாண் நீளத்துக்குத் தட்டையாக, கம்பியால் சேர்த்துக் கட்டித் தொங்கின. கைப்பிடி என்று சொல்லும்படியான வடிவமே இல்லை. எதையும் விடக்கூடாது என்ற பிடிவாதத்தில் அதையும் எடுத்து மடியில் வைத்துத் தண்டில் பொருத்தினேன். அது உள்ளே போயிற்று. நான் தள்ளவில்லை, திருகவில்லை. தன் எடையிலேயே இறங்கி, ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு பள்ளத்தில் உட்கார்ந்து நின்றது. ஆட்டிப் பார்த்தேன், துளிகூட ஆடவில்லை.

எங்கோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் என் தண்டின் பற்களை வெட்டியிருக்கிறார். வேறொருவர், வேறொரு நாளில், இந்த நெம்புகோலின் பள்ளங்களை வெட்டியிருக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்களோ என்னவோ. இரண்டும் கப்பலேறி வந்து ஒன்று நம் வீட்டுக்கும் ஒன்று வேறெங்கோ ஓரிடத்துக்கும் போய், இத்தனை காலம் கழித்துச் சிவாஜி நகரில் ஒரு கிழவியின் மடியில் சந்தித்தன. சந்தித்த கணத்தில் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. யாரோ ஒருவர் யாரும் பார்க்காத இடத்திலும் தன் வேலையைச் சரியாகச் செய்தால், அது எத்தனை தூரம் போய் யாருக்கு உதவுகிறது, பார்த்தாயா? என் வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் ஒழுங்கு, ஒழுங்கு என்று நச்சரித்தவள் நான். அது என்னவாக இருக்கும் என்பதை அன்றுதான் கையில் பிடித்தேன்.

“அது ஆஸ்பத்திரி மால்மா” என்றார் பாய். “ஆபரேஷன் ரூம்ல இருந்து வந்தது. டாக்டருங்க கையத் தேச்சுக் கழுவிட்டு, விரல் படாம முழங்கையால மூடுவாங்க. வீட்டுக்கு யாரும் வாங்க மாட்டாங்க.”

நான் முழங்கையை வைத்து அழுத்தினேன். மடியில் தண்டு திரும்பியது. எதனாலும் அழுக்காகக் கூடாத கைகளுக்காகச் செய்த பொருள், விரல் மூட்டுகள் இறுகி எதையும் பிடித்துத் திருக முடியாத என் கைக்குப் பொருந்தியது. “இந்த ஒன்றை அவிழ்த்துக் கொடுங்கள்” என்றேன்.

“ஒண்ணு இல்லம்மா. ஜோடி.”

“எனக்கு வெந்நீர்ப் பக்கம்தான் வேண்டும். இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறது.”

“இருக்கட்டும். எங்க லைன்ல ஜோடியப் பிரிக்கறது கிடையாது. எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான். பிரிச்சா மீதி ஒத்தை அந்தக் கூடையில விழும். அங்க விழுந்தத எவனும் கேட்டு வந்ததில்ல.” ஒரு மூலையில் இருந்த கூடையைக் காட்டினார். ஒற்றைக் கைப்பிடிகள் நிறையக் கிடந்தன.

“பாய், நான் தனியாக இருக்கிறவள். ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?”

“ஆளு தனியா இருக்கலாம்மா. தண்ணி ரெண்டாத்தானே வருது?”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். சேகர் வந்தபோது வெந்நீருக்கு மட்டும் புதிய கைப்பிடியைப் போடச் சொன்னேன். மற்றொன்று அலமாரியில் இருக்கட்டும், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் பீங்கான் சிலுவை முழுசாக இருக்கிறதே என்றேன். அவன் ஒன்றைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். “ஒரு பக்கத்து மீசைய மட்டும் எடுத்த மாதிரி இருக்கும்மா” என்றான். இருந்தது. உனக்குத் தெரியும், கோணலாகத் தொங்கும் ஒரு காலண்டர் இருக்கிற அறையில் என்னால் சாப்பிட முடியாது. “சரி, அதையும் மாட்டித் தொலை” என்றேன். அழகுக்காகத்தான் சம்மதித்தேன், வேறு எந்தப் புத்தியும் எனக்கு அப்போது இல்லை.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். இடது முழங்கையால் ஒன்றைத் தள்ளினேன், வெந்நீர் வந்தது. வலது முழங்கை தானாகப் போய் மற்றதைத் தள்ளியது, பச்சைத் தண்ணீர் வந்தது. இரண்டும் வாளியில் கலந்தன. விரலை விட்டேன், இதமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். வாளியில் இரண்டும் கலப்பதைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. பீங்கான் முழுசாக இருந்த அந்தக் குழாயையும் நான் வெகுநாளாகத் திறக்கவில்லை. விரலால் திறக்க முடியவில்லை, பிளேயரைப் போட்டால் பீங்கான் உடைந்துவிடும். வெந்நீரைப் பிடித்து, அது ஆறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, ‘எனக்கு இப்படித்தான் பிடிக்கும்’ என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். என் கை வெந்தது பிளேயர் வழுக்கியதால் என்று அன்று கடைசியில் உன்னிடம் சொன்னேன். வழுக்கியது உண்மை. ஆனால் பக்கத்தில் பச்சைத் தண்ணீர் திறந்திருந்தால் அந்த நீர் அவ்வளவு சுட்டிருக்காது. உன் கண்ணில் மறைத்ததுகூடப் பரவாயில்லை. என் கண்ணில் மறைத்துக்கொண்டேன். ஒரு குஜரிக் கடை வழக்கம் வந்து அதைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். வயதானவர்களிடம் ‘முடியுதா?’ என்று கேட்காதே. முடியும் என்றுதான் சொல்வோம்; செத்த பிறகு கேட்டாலும் அதையே சொல்வோம். ‘எப்படிச் செய்யறீங்க, காட்டுங்க’ என்று கேள். மாடி எப்படி ஏறுகிறோம், சீசாவை எப்படித் திறக்கிறோம், மாத்திரையை எப்படிப் பிரிக்கிறோம் என்று பக்கத்தில் நின்று பார். பார்த்த பிறகு, வீட்டை விற்கும் பேச்சுக்கு முன்னால், எந்தக் கைப்பிடி மாற வேண்டும் என்று யோசி. நீ என்னைப் பற்றிய பயத்தில் ஒரேயடியாகச் சுவரை உடைக்கப் பார்த்தாய். நான் என்மேல் உள்ள கர்வத்தில் ஒன்றும் உடையவில்லை என்றேன். இரண்டு பேரும் ஒரே பிடிவாதக்காரர்கள்தான்.

இனி பதில். வீட்டை விற்கவில்லை. நான் இங்கேதான் இருப்பேன். ஆனால் இது ‘ஒருபோதும் வரமாட்டேன்’ என்கிற பதில் இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள். முழங்கையும் ஒருநாள் மறுக்கும். அன்று உனக்கு நானே தொலைபேசியில் சொல்வேன், நீ ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியிராது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நீ நேரடியாகவே கேள், நானும் மழையைப் பற்றிப் பேச மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பின்கட்டுப் படியின் கைப்பிடிச் சுவரையும், சமையலறை மேல்தட்டையும் உனக்குக் காட்டுகிறேன். அவற்றிலும் எனக்கு முடியவில்லை. இதை எழுத நான் எவ்வளவு யோசித்தேன் என்று உனக்குத் தெரியாது.

இன்று தலைக்குக் குளித்தேன். இத்தனை நாளும் வேலைக்காரி வரும் கிழமை பார்த்து அவள் கையால்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இன்று நானே சீயக்காய் தேய்த்து, நானே ஊற்றி, கண் எரிந்து, நானே கழுவினேன். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் ஈரம் போகவில்லை. காய்ந்ததும் பின்னிக்கொண்டு, தபால் நிலையம்வரை நடந்துபோய் இதை நானே பெட்டியில் போடப் போகிறேன்.

என்றும் உன்,
மம்மி